லடாக் போகும் பைக்குக்கு எந்த ஏர் ஃபில்டர்?

மணாலி – லே சாலை பனி விலகித் திறக்கும் காலம் நெருங்கினால், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் வடக்கே கிளம்பும் பைக்குகளுக்கான சாமான்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். கேரியர், சாடில் பேக், ஃபாக் லேம்ப், ஜெர்ரி கேன் என்று பட்டியல் நீளும். பில் போடும் நேரத்தில் கடைக்காரர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து மேசையில் வைப்பார். உள்ளே சிவப்பு எண்ணெய் ஏறிய பருத்தித் துணி மடிப்பு மடிப்பாக இருக்கும். சுற்றிலும் ரப்பர் விளிம்பு. “இதப் போட்டா மலையில வண்டி மூச்சு வாங்காது சார். பிக்கப் ஏறும், மைலேஜ் கொடுக்கும். கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம்.” விலை சில ஆயிரம் ரூபாய். லடாக் வரை போகத் துணிந்தவருக்கு அது பெரிய தொகையாகத் தெரியாது. பெட்டி பைக்குள் போய்விடும்.

அந்தப் பெட்டியின் மேல் குதிரைத்திறன் பற்றி எழுதியிருக்கும். காற்றோட்டம் பற்றி எழுதியிருக்கும். இந்த ஃபில்டர் எவ்வளவு தூசியைத் தடுக்கும் என்பது பெரும்பாலும் எழுதியிருக்காது. ஊர் ஊராகப் போகும் பைக்குக்கு ஏர் ஃபில்டர் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு கணக்கில் தொடங்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டருக்கு மாற்றிப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 9,000 லிட்டர் காற்று. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுக்கும் பைக் ஒன்று சென்னையிலிருந்து லே போய்த் திரும்ப 7,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அது குடிக்கும் பெட்ரோல் 230 லிட்டருக்கு மேல். இழுக்கும் காற்று 20 லட்சம் லிட்டருக்கு மேல். அவ்வளவு காற்றும் ஒரு கையகல ஃபில்டர் வழியாகத்தான் இன்ஜினுக்குள் போகிறது. காற்றோடு சேர்ந்து தூசியும் போகப் பார்க்கிறது.

சாலைத் தூசியில் பெரும்பங்கு மணலின் பொடி, அதாவது சிலிக்கா. சிலிண்டர் செய்யப் பயன்படும் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஃபில்டரைத் தாண்டிய தூசி சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிஸ்டன் ரிங் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அதன் மேல் ஏறி இறங்கும்போது, ஆயிலும் மணலும் சேர்ந்து உப்புத்தாள் வேலையைச் செய்கின்றன. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இன்ஜினை அதிகம் தேய்ப்பவை 5 முதல் 20 மைக்ரான் வரையிலான துகள்கள், அதாவது கண்ணுக்கே தெரியாதவை. பெரிய மணலை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். இந்தப் பொடியைப் பிடிப்பதில்தான் ஃபில்டருக்கு ஃபில்டர் வித்தியாசம்.

தேய்மானம் ஒரே நாளில் தெரியாது. முதலில் காலையில் ஸ்டார்ட் செய்தால் லேசான நீலப்புகை. பிறகு ஆயில் அளவு குறைகிறது. கம்ப்ரஷன் விழுந்து, ஏற்றத்தில் கியர் குறைக்க வேண்டியிருக்கிறது. மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “இன்ஜினைத் திறந்துதான் பாக்கணும்” என்கிறார். ரிங், பிஸ்டன், போர் வேலை என்று ஆகும் செலவில் பல வருடங்களுக்கு வேண்டிய புதிய பேப்பர் ஃபில்டர்களை வாங்கிவிடலாம். ஆனால் அந்தச் செலவை இரண்டு வருடத்துக்கு முன்னால் மாட்டிய ஃபில்டரோடு யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. “வண்டி சரியில்லை” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இது லடாக் போகிறவர்களுக்கான கவலை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் பக்கம் போகிறவர்களுக்குச் செம்மண் தேரி எப்படிப் பறக்கும் என்று தெரியும். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை போகும் சாலையின் மேல் இருபக்க மணலும் ஏறிக் கிடக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் கல்குவாரி லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓட்டினால் ஹெல்மெட் கண்ணாடி வெளுத்துவிடும்.

மலையில் மூச்சு வாங்காது என்ற பேச்சுக்கு வருவோம். லே நகரத்துக்கு மேலே கர்துங் லா கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 58 சதவீதம்தான். ஒவ்வொரு முறை பிஸ்டன் இறங்கும்போதும் சிலிண்டர் நிறைவது அதே கொள்ளளவு காற்றால்தான். ஆனால் அந்தக் காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் இரண்டு பங்கு குறைவு. 2016இல் ராயல் என்ஃபீல்ட் வெளியிட்ட முதல் ஹிமாலயனை எடுத்துக்கொள்ளலாம். 411 சிசி, 24.5 குதிரைத்திறன். கர்துங் லா உச்சியில் அதனிடம் மிஞ்சுவது சுமார் 14 குதிரைத்திறன். இந்த இழப்பு வானத்தால் வருவது. எந்த ஃபில்டராலும் திருப்பித் தர முடியாது. ஃபில்டரையே கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டினாலும் வெளியே இருக்கும் காற்று அவ்வளவுதான்.

ஃபில்டரால் உண்மையில் எவ்வளவு கூடும்? கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஃபில்டரின் தடையை ஒரு கிலோபாஸ்கல் குறைத்தால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு சதவீதக் காற்று. ஹிமாலயனுக்கு அது கால் குதிரைத்திறன். அதுவும் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி, இன்ஜின் உச்ச வேகத்தில் சுற்றும்போது மட்டும்.

நெடும்பயணத்தில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. நாற்கரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் பைக்கின் த்ராட்டில் பாதிகூடத் திறந்திருக்காது. அந்த நேரத்தில் காற்றைத் தடுத்து நிறுத்துவது த்ராட்டில் தகடுதான். ஓட்டுபவரே தன் கையால் போட்டிருக்கும் தடை அது. வாய்க்கால் மதகைக் கால்வாசி திறந்து வைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் வலையை மாற்றினால் தண்ணீர் கூடுதலாக வந்துவிடாது. மைலேஜ் கூடும் என்பதும் இதே கதைதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் கார்களை வைத்து இதைச் சோதித்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் எரிபொருள் தெளிக்கும் கார்களில், அடைத்துப்போன ஃபில்டரைப் புதிதாக மாற்றியும் மைலேஜில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. முழு வேகம் எடுப்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது. அடைத்த ஃபில்டருக்கும் புதியதற்குமே மைலேஜ் மாறவில்லை என்றால், புதிய பேப்பர் ஃபில்டருக்கும் புதிய பருத்தி ஃபில்டருக்கும் இடையே என்ன மாறிவிடும்? 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதியின்படி வரும் இந்திய பைக்குகளும் பெரும்பாலும் எரிபொருளைத் தெளிப்பவைதான்.

பருத்தி ஃபில்டர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் குணம் புரியும். கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்ட் என்று கலிஃபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் தொழிலில் இருந்த இருவரின் முதலெழுத்துகள்தான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த கே அண்ட் என். பருத்தித் துணியில் எண்ணெய் ஏற்றி, கம்பி வலைக்கு நடுவே மடித்து வைக்கும் அவர்கள் முறை பந்தயக்காரர்களிடம் பெயர் வாங்கியது. பந்தய இன்ஜின் சில ஓட்டங்களுக்கு ஒருமுறை திறக்கப்படும். அங்கே கால் குதிரைத்திறன் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். தேய்மானத்தைப் பற்றி யாரும் வருத்தப்பட மாட்டார்கள். ஊர் சுற்றும் பைக்கின் கணக்கு நேர் எதிரானது. அது ஒரு லட்சம் கிலோமீட்டர் திறக்கப்படாமல் ஓட வேண்டும்.

இப்போது சந்தையில் கிடைப்பவை நாலு வகை. முதலாவது, கம்பெனியே போட்டுத் தரும் மடிப்புப் பேப்பர். மெல்லிய பொடியைப் பிடிப்பதில் இதற்கு நல்ல பெயர். நனைந்தால் கெட்டுவிடும், அடைத்தால் தூக்கிப் போட வேண்டும். இரண்டாவது, எண்ணெய் ஏற்றிய பருத்தி. தடை குறைவு, பலமுறை கழுவிப் பயன்படுத்தலாம். எண்ணெய் குறைந்தால் தூசி தாண்டும், கூடினால் காற்று தடைபடும். மூன்றாவது, எண்ணெய் ஊறிய ஸ்பாஞ்ச். மண்ணிலும் சேற்றிலும் ஓடும் மோட்டோகிராஸ் வண்டிகளில் இதுதான். நிறையத் தூசியைத் தாங்கும், ஆனால் அந்த ஓட்டக்காரர்கள் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கழற்றிக் கழுவுகிறார்கள். நாலாவது, எண்ணெய் இல்லாத செயற்கை இழை. இதில் நுண்ணிழை போட்ட நல்ல ரகமும் உண்டு, கொசுவலை போன்ற ரகமும் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

பிரித்துச் சொல்ல ஒரு தரமான சோதனை இருக்கிறது. ஐஎஸ்ஓ 5011 என்று பெயர். அளவெடுத்த தூசியை அளவான காற்றோடு ஃபில்டருக்குள் செலுத்தி, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தாண்டியது, காற்றுக்கு எவ்வளவு தடை என்று மூன்றையும் எண்ணாகச் சொல்லிவிடும். தடுப்புத்திறன் 99 சதவீதம், 97 சதவீதம் என்று இரண்டு ஃபில்டர்கள் இருந்தால், கடையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். இன்ஜினுக்கு அப்படித் தோன்றாது. பயணம் முழுக்க ஃபில்டரில் வந்து மோதும் தூசி 50 கிராம் என்றால், முதல் ஃபில்டர் உள்ளே விடுவது அரை கிராம். இரண்டாவது விடுவது ஒன்றரை கிராம். மூன்று மடங்கு. கால் குதிரைத்திறனுக்கு இந்த விலை கொடுக்கலாமா என்பதை வாங்குபவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அந்த எண் அவர் கையில் இருக்க வேண்டும்.

இந்த நாலு வகையிலும் சேராத, ஆனால் இளைஞர்களிடம் அதிகம் ஓடும் ஒன்று கோன் ஃபில்டர். ஏர்பாக்ஸ் என்ற பிளாஸ்டிக் பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, இன்ஜினின் காற்றுக் குழாயில் நேராக மாட்டுவது. ஆக்சிலேட்டரைத் திருகினால் உறுமும்; வண்டி வேகமாகப் போவது போன்ற எண்ணம் வரும். அந்த உறுமலை அடக்குவதும் ஏர்பாக்ஸின் வேலைதான். காற்றை அமைதிப்படுத்தி சீராக அனுப்புவது, மழைத் தண்ணீரைப் பிரித்துக் கீழ்க்குழாய் வழியே இறக்கிவிடுவது, இன்ஜின் சூட்டிலிருந்து காற்றை ஒதுக்கி வைப்பது எல்லாமே அந்தப் பெட்டி செய்பவை. அதை இழந்த பைக் இன்ஜின் சூட்டில் வெந்த காற்றை இழுக்கும். ஆகும்பே மழையில் தண்ணீரையும் இழுக்கும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ஜெட் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சுடும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் தகராறுக்கு அதுவே காரணமாகிவிடும். நெடும்பயணத்துக்குக் கோன் ஃபில்டர் வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. ஹார்லி டேவிட்சனின் பெரிய டூரிங் வண்டிகளில் ஏர் கிளீனர் வலதுபக்கம் வெளியே தெரியும்படி இருக்கும். அதை மாற்றுவது அமெரிக்காவில் ஒரு தனிப் பண்பாடு. ஆனால் அங்கே விவரம் தெரிந்தவர்கள் ஏர் கிளீனரை மட்டும் மாற்றுவதில்லை. ஏர் கிளீனர், சைலன்சர், இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது, மூன்றும் சேர்ந்ததைத்தான் ‘ஸ்டேஜ் 1’ என்கிறார்கள். 1,746 சிசி இன்ஜினில் மூன்றையும் ஒன்றாகச் செய்தால் கையில் வித்தியாசம் தெரியும். அங்கும் மழை வந்தால் திறந்த ஃபில்டருக்கு மேல் நீர் தள்ளும் துணி உறை போடுகிறார்கள். மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்து, 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியில் மாட்டிவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பதில்தான் தவறு.

கழுவிக் கழுவிப் போடலாம் என்ற வாதத்துக்கும் வலு உண்டு. ஒரிஜினல் ஃபில்டர் கிடைக்காத நாடுகள் வழியாக மாதக்கணக்கில் போகிறவருக்கு அது உண்மையான வசதி. பதினைந்து நாள் லடாக் பயணத்துக்கு அப்படி இல்லை. பருத்தி ஃபில்டரைக் கழுவ அதற்கென்ற திரவம் வேண்டும். அழுக்கு வந்த வழியே வெளியேறும்படி உள்பக்கத்திலிருந்து தண்ணீர் விட வேண்டும். சூடு காட்டாமல், காற்று அடிக்காமல் தானாக உலர விட வேண்டும். பிறகு மடிப்புக்கு மடிப்பு எண்ணெய் விட்டு அது ஊறும் வரை காத்திருக்க வேண்டும். ராத்திரி தண்ணீர் உறையும் குளிரில், ஸ்பிதி பள்ளத்தாக்கின் காசா ஊர் லாட்ஜ் அறையில் இது உலரப் போவதில்லை. பையில் ஒரு பேப்பர் ஃபில்டர் இருந்தால் கால் மணி நேரத்தில் மாற்றிவிட்டுக் கிளம்பிவிடலாம். அதன் விலை சில நூறு ரூபாய். எடை ஒரு சட்டையளவுகூட வராது.

நல்ல ஃபில்டரை வாங்கிவிட்டு அதைக் கெடுக்கும் பழக்கமும் இருக்கிறது. பஞ்சர் கடையில் நிறுத்தி, “அண்ணே, ஃபில்டருக்கு ஒரு காத்து அடிச்சு விடுங்க” என்று கேட்பதைத் தமிழ்நாட்டில் எந்தச் சாலையிலும் பார்க்கலாம். கம்ப்ரசரின் முழு அழுத்தம் பேப்பரின் மேல் ஓர் அங்குல தூரத்திலிருந்து பாய்கிறது. தூசி பறப்பது கண்ணுக்குத் தெரிகிறது; பேப்பரில் விழும் ஊசித்துளை தெரிவதில்லை. ஹோண்டா முதலான கம்பெனிகளின் பல வண்டிகளில் இருப்பது எண்ணெய்ப் பசை ஏற்றிய விஸ்கஸ் பேப்பர். அதற்குக் காற்றே அடிக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். லேசாக அழுக்குப் படிந்த ஃபில்டர் புத்தம் புதியதைவிட நன்றாகத் தூசி பிடிக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. படிந்த தூசியே இடுக்குகளை இன்னும் சிறிதாக்கிவிடுகிறது. அடிக்கடி திறந்து தட்டுவதால் நன்மையைவிடத் தீமைதான்.

தூசிக்கும் வேகத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை பைக் ஓட்டுபவர்களுக்கு முன்பே போர் விமானிகளுக்கு வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1942இல் மால்டா தீவுக்கும் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கும் பிரிட்டன் அனுப்பிய ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மூக்குக்குக் கீழே வோக்ஸ் என்ற தூசி வடிகட்டி, வீங்கிய தாடை போலத் துருத்திக்கொண்டிருந்தது. அதனால் விமானத்தின் வேகம் குறைந்தது; விமானிகளுக்கு அதைப் பிடிக்கவில்லை. எதிரி விமானம் பின்னால் வரும்போது வேகம் குறைவது உயிர்ப் பிரச்சினை. ஆனாலும் வடிகட்டியே வேண்டாம் என்ற முடிவுக்கு அவர்கள் போகவில்லை. எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் இருந்த பராமரிப்புப் பணிமனை, காற்றைக் கிழித்துப் போகும் வடிவில் சிறிய வடிகட்டி ஒன்றைச் செய்து மாட்டியது. வடிகட்டி இல்லாத இன்ஜின் பாலைவன மணலில் சீக்கிரமே தேய்ந்துவிடும் என்பது அந்த மெக்கானிக்குகளுக்குக் கண்கூடு.

வெளி ஃபில்டர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர் சில விஷயங்களில் பிடிவாதமாக இருக்க வேண்டும். பழைய ஏர்பாக்ஸுக்குள் அப்படியே உட்காரும் பேனல் வகையை மட்டும் வாங்க வேண்டும். ஐஎஸ்ஓ 5011 சோதனை எண்களைக் கம்பெனி வெளியிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றோட்டத்தை மட்டும் சொல்லித் தடுப்புத்திறனைச் சொல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ரப்பர் விளிம்பு சுற்றிலும் ஒரே சீராக அழுந்துகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஏனென்றால், ஃபில்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஓரத்தில் நகக்கண் அளவு இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும்.

மாட்டிய பிறகு ஒரு சோதனை இருக்கிறது. காசு செலவில்லாதது. தூசிச் சாலையில் 500 கிலோமீட்டர் ஓட்டிய பின், ஃபில்டரைக் கவனமாகக் கழற்றி, இன்ஜின் பக்கம் இருக்கும் குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டும். துணி சுத்தமாக வந்தால் ஃபில்டர் வேலை செய்கிறது. துணியில் பழுப்பு நிறத்தில் மாவு போல ஒட்டியிருந்தால், அது ஃபில்டரைத் தாண்டி வந்த தூசி. அதன் ஒரு பங்கு ஏற்கெனவே சிலிண்டருக்குள் போய்விட்டது. விளம்பரத்தில் எத்தனை குதிரைத்திறன் சொல்லியிருந்தாலும் அந்தத் துணி காட்டுவதுதான் உண்மை.

தயாரிப்பாளர்களிடமும் விற்பனையாளர்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கேட்கிறோம், டயரின் மேல் அது தாங்கும் எடையும் வேகமும் அச்சாகியிருக்கிறது. இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கும் ஃபில்டரின் பெட்டியில் தடுப்புத்திறன், தூசிக் கொள்ளளவு, காற்றுத் தடை ஆகிய மூன்று எண்களும் அச்சாவதைக் கட்டாயமாக்க வேண்டும். சோதனை முறை ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ராயல் என்ஃபீல்ட் 1950களிலிருந்து வண்டி செய்யும் ஊர் சென்னை. அருகே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அதன் தொழிற்சாலைகள் இன்று ஓடுகின்றன. இந்தக் கோரிக்கையை எழுப்ப சென்னையைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

அதுவரைக்கும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையில் அந்தச் சின்னப் பெட்டி மேசைக்கு வரும்போது, வாங்க வந்தவர் அதைக் கையில் எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கட்டும். தடுப்புத்திறன் எவ்வளவு என்று கேட்கட்டும். கடைக்காரருக்கும் தெரியவில்லை, பெட்டியிலும் இல்லை என்றால், தன் வண்டிக்கான ஒரிஜினல் பேப்பர் ஃபில்டர் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டு, ஒன்றை அன்றைக்கே மாட்டிவிட்டு, மற்றதைப் பாலிதீன் உறையில் சுற்றி சாடில் பேக்கில் ரெயின்கோட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும்.